அஸ்ஸாம் வரை போன பின்கதவு

லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: இந்த வருஷம் எதை உயிரைக் கொடுத்து வரைகிறானோ, அதை அடுத்த வருஷம் அவனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழிக்க வேண்டும். வருஷா வருஷம் லாரியை ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று எஃப்.சி. வாங்கணும். அங்கே போகிற வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிற்கணும். அதனால் பழைய ரோஜாவைச் சுரண்டு, பட்டி வை, ப்ரைமர் அடி, மறுபடியும் ரோஜா போடு. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் மெயின் ரோட்டோரத் தகரக் கொட்டகையில் நான் பண்ணிக்கொண்டிருந்தது இதைத்தான்.

தெருவுக்கு ரெண்டு பிரௌசிங் சென்டர் இருந்த காலம் அது. எனக்கு இன்டர்நெட்டும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அப்படியும் அந்த இன்டர்நெட் என்னை ஒரு வருஷம் உட்கார விடாமல் படுத்தி எடுத்தது. நீங்களும் எதையாவது வரைந்தோ எழுதியோ பாடியோ ஊருக்குக் காட்டுகிற ஆளாக இருந்தால், உங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்திருக்கும். இருந்தாலும் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

அன்னப்பறவை இல்லாத வருஷம்

கிருஷ்ணகிரி அன்வர் பாய் என் பழைய கஸ்டமர். அவர் லாரியின் பின்கதவுக்கு எப்போதும் ஒரே ஆர்டர்தான்: ரெண்டு அன்னப்பறவை, நடுவில் ஒரு தாமரை. அந்த வருஷம் மட்டும் அஸ்ஸாமுக்கு அவசர லோடு. மத்தியானத்துக்குள் வண்டி கிளம்பியாக வேண்டும். "படம் என்ன போடறது பாய்?" என்று கேட்டால், காதில் செல்போனை வைத்துக்கொண்டு "எதையாவது போடுப்பா" என்று கையை வீசினார். எனக்குச் சுருக்கென்றது. எதையாவது என்றால், என் கண்ணில் இருப்பதைப் போட்டுவிடுகிறேன் என்று தூரிகையை எடுத்தேன்.

என் கண்ணில் அப்போது இருந்தது கம்பெனி பஸ். என் மனைவி சித்ரா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். விடிவதற்கு முன்னால் அவளை என் ஸ்கூட்டரில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்கு வருவேன். வெளிர்நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். சித்ரா எப்போதும் கடைசி. ஒரு கால் படியில், ஒரு கை கம்பியில். அதைத்தான் வரைந்தேன். செக்கச்செவேலென்று வானம், பஸ்ஸுக்குள் மஞ்சள் விளக்கு, எல்லாப் பெண்களும் முதுகு காட்டி நிற்கிறார்கள். சித்ரா ஏறும்போது அடிப்பாகம் தெரிகிற ரப்பர் செருப்பு, பிய்ந்த வாரைப் பிடித்து நிற்க அவள் அடியில் குத்தியிருந்த ஊக்கு உட்பட எல்லாம் பலகையில் இறங்கிவிட்டது. மூலையில் வழக்கம்போல "மாரி, ஓசூர்" என்று எழுதி, கீழே செல் நம்பர். எங்கள் தொழிலில் கையெழுத்தும் விளம்பரமும் அதுதான்.

பாய் வந்து பார்த்தார், தாடியைச் சொறிந்தார். "இன்னாப்பா மாரி, எல்லாரும் முதுகக் காட்டிக்கினு நிக்கறாங்க? சரி வுடு, பின்னாடி வர்றவன் பார்த்து பிரேக்கு போட்டா போதும்."

யானைக்கு நின்றவர்

அதே லாரி, அதே நாள். ஊரைத் தாண்டவில்லை, சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததா? யானை கடக்கிற வரைக்கும் வண்டி நகராது, ஹாரன் அடிக்கக்கூடாது. ஃபாரஸ்ட்காரர்கள் கையைக் காட்டுகிற வரைக்கும் எல்லோரும் இறங்கி நின்று வேடிக்கைதான். எங்கள் லாரிக்குப் பின்னால் பெங்களூரு கார் ஒன்று மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், கையில் டிஜிட்டல் கேமரா.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. "நிம்ம பெயிண்டிங்கா சார் இது?" என்றார். படம் போடுவதற்கென்றே இன்டர்நெட்டில் ஒரு இடம் இருக்கிறதாம், அதில் போடட்டுமா என்று கேட்டார். என் கையிலோ அரைகுறையாகக் கலந்த பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. போட்டுக்கோங்க சார், யார் வேண்டாம்னா என்று வைக்கப் போனேன். அதற்குள் அவர் ஒன்று சொன்னார்: "யானையப் பாக்கத்தான் எறங்கினேன் சார். வீட்டுக்கு வந்து கேமராவப் பாத்தா ஒரு யானைகூட இல்ல, எல்லாமே உங்க லாரி."

ஃபிரீயாக ஒரு மிஸ்டு கால்

அதற்கப்புறம் பிடித்தது சனி. படத்தில் என் செல் நம்பர் பளிச்சென்று தெரிகிறதே! பிளஸ் போட்ட நீள நீள நம்பரிலிருந்து கால் வரும். நான் ஏணி மேலே, ஒரு கையில் டப்பா, ஒரு கையில் தூரிகை. தோளில் போனை இடுக்கிக்கொண்டு "எஃப்.சி. பெயிண்டா, புது பாடியா?" என்று கத்துவேன். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று ஒரு சிரிப்பு, கட். சிலர் மிஸ்டு கால் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். பரிசு விழுந்திருக்கு என்று ஏமாற்றுகிற கும்பல்தான் என்று முடிவுகட்டி, ரெண்டு மூணு பேரைத் தமிழில் வகையாகத் திட்டியும் விட்டேன். அவர்களும் "தேங்க்யூ" என்றார்கள்.

கடைசியில் பெங்களூருக்காரரே கூப்பிட்டு, போய்ப் பாருங்கள் சார் என்றார். கொட்டகைக்கு எதிரே சுமதியின் பிரௌசிங் சென்டர். திருநெல்வேலிப் பெண், வீட்டுக்காரர் ஃபேக்டரியில். அவள் திறந்து காட்டினாள். என் பின்கதவு! அதற்குக் கீழே வரிசையாக இங்கிலீஷ். பிரேசிலாம், ஜப்பானாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் சூளகிரி தாண்டி நாலு ஊர் பார்த்திருந்தால் அதிகம், என் படத்தை ஜப்பான்காரன் பார்க்கிறான்! ஒருவர், இந்தப் படத்தின் அர்த்தம் என்ன என்று கேட்டிருந்தார். லாரிக்குப் பின்னால் எழுதுகிற படத்துக்கு என்ன அர்த்தம் இருக்கும்? "பின்னால் வருபவர் தூரம் விட்டு வரவும்" என்று சொன்னேன். சுமதி அதை அப்படியே இங்கிலீஷில் அடித்தாள். மறுநாள் பார்த்தால் அந்த ஒரு வரியை ஆகா ஓகோ என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நான் எழுந்து கிளம்பும்போது சுமதி இன்னொன்றையும் படித்தாள். "அண்ணாச்சி, நார்வேயிலிருந்து ஒரு அம்மா கேக்காங்க. பஸ்ஸுல கடைசியா ஏறுதாள்லா ஒரு பொண்ணு, அவ செருப்புல ஊக்கு குத்தியிருக்கே, அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கியாச்சான்னு."

சுற்றி வந்த மெயில்

நார்வே அம்மாவுக்கு நான் பதில் போடச் சொல்லவில்லை. எரிச்சலாக வந்தது. அந்த வானத்துச் சிவப்பைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை விட்டுவிட்டுச் செருப்பைப் பார்க்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

சித்ராவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறைக்கணும் என்று இல்லை. அவள் வரும்போது நான் கொட்டகையில், நான் வரும்போது அவள் தூக்கத்தில். மூக்கண்டப்பள்ளியில் பாதிக் குடும்பம் வாசல்படியில்தான் சந்தித்துக்கொள்ளும். காலையில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவாளே, அப்போது சொல்லியிருக்கலாம். அரைத் தூக்கத்தில் என் முதுகில் சாய்ந்திருப்பவளை எழுப்பி என்ன சொல்ல? இப்படியே வருஷம் ஓடப் பார்த்தது. லாரியோ அஸ்ஸாமிலும் குஜராத்திலும் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான் படத்தை மெயிலில் பத்துப் பேருக்கு அனுப்ப, அவர்கள் பத்துப் பத்துப் பேருக்கு அனுப்ப, ஊரெல்லாம் சுற்றி அது சித்ரா கம்பெனியின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டது. வெளிர்நீலக் கோட்டையும் "மாரி, ஓசூர்" என்பதையும் பார்த்த சூப்பர்வைசர் அம்மா, லாரியில இருக்கறது நீதானாமே என்று எல்லார் முன்னாலும் இவளைக் கேட்டுவிட்டாள். லாரிக்குப் பின்னால் பெண் என்றால் எந்த மாதிரிப் பெண்ணை வரைவார்கள் என்று சித்ராவுக்குத் தெரியாதா? சினிமாக்காரி மாதிரி, மாராப்பு நழுவ, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அன்று ராத்திரி நான் வந்தபோது தூங்காமல் இருந்தவள் குண்டானை வைத்த சத்தத்திலேயே எனக்குக் கோபம் தெரிந்துவிட்டது, விஷயத்தையும் அவளே கொட்டினாள். "அய்யோ, முகமே தெரியாது சித்ரா, முதுகுதான்" என்றேன் சமாதானமாக. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"முதுகா?" என்றாள். அருப்புக்கோட்டைக்காரி, கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "கட்டுனவளத் திரும்பிப் பாக்க நேரமில்ல. லாரியில ஏத்தி ஊர் ஊரா அனுப்பி, கண்டவனும் பாக்க விட்டிருக்கீங்க. ஞாயித்துக்கெழம நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பக் கூப்பிட வராதீங்க."

பாதி வானம்

எனக்கு நிலைகொள்ளவில்லை. அவள் சொன்னால் செய்கிற ஆள். ஒரே ஒரு தடவை அந்தப் படத்தை அவள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நான் தப்பாக ஒன்றும் வரையவில்லை என்று தெரிந்துவிடும். அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாறியிருந்தாள்; கிளம்பியவளைக் கெஞ்சிக் கூத்தாடி சுமதி கடைக்கு இழுத்துப் போனேன். அவள் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள், கம்பெனி பஸ் வர நேரமாகிவிட்டது.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் எப்படி வரும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, பாய் விரிக்கிற மாதிரி இறங்கும். முதலில் ஒரு கீற்று வானம். அப்படியே நின்றுவிட்டது. சுமதி மவுசைத் தட்டினாள், நான் மேஜையைத் தட்டினேன். இன்னொரு கீற்று வானம். அப்புறம் பஸ்ஸின் கூரை. "இதோ வருது, இதோ வருது" என்று பிரசவ வார்டு வாசலில் நிற்பவன் மாதிரி நான் தவிக்கிறேன். பெண்களின் தலை உச்சி தெரிந்தது. கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம். சுமதி வைத்திருந்த பேட்டரி போன மாசமே செத்துப்போயிருந்தது.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. சித்ரா பையைச் சரிசெய்துகொண்டாள். "உலகமே பாத்துச்சுன்னீங்க. எனக்கு வெறும் வானத்தத்தான் காட்டுறீங்க."

பார்க்க வேண்டிய ஆள்

மறுநாள் சுமதி பாவப்பட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்தது கறுப்பு மை பிரிண்டர். என் விடியற்காலை அமாவாசையாக வந்து சேர்ந்தது. சித்ரா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பு மேடையில் எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் விரித்தாள்.

இந்த லட்சணத்தில் அன்வர் பாயிடமிருந்து போன். லாரி திரும்பி வருகிறது, எஃப்.சி. நெருங்கிவிட்டது, திங்கட்கிழமை வண்டி என் கொட்டகையில் நிற்கும், சுரண்டிப் புதுசாக அடித்துத் தரணும், பின்கதவில் ரெண்டு அன்னப்பறவை. இவள் கிளம்புவது ஞாயிறு, லாரி வருவது திங்கள். அவள் பார்க்காமலே போய், நான் அதைச் சுரண்டியும் விட்டால், ஆயுசுக்கும் நான் வரைந்தது சினிமாக்காரிதான். "பாய், பின்கதவ மட்டும் இந்த வருஷம் அப்படியே விட்டுடலாமா? வெளிநாட்டுலேருந்தெல்லாம் அழிக்காதீங்கன்னு எழுதறாங்க பாய்" என்று கெஞ்சினேன். உண்மையாகவே எழுதியிருந்தார்கள். பெங்களூருக்காரர் எஃப்.சி. சமாசாரத்தை அங்கே சொல்லிவைக்க, ஆளாளுக்கு வேண்டாம் வேண்டாம் என்று அலறியிருந்தார்கள்.

பாய் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷன், சிரிக்கக்கூட இல்லை. "ஒலகம் பூராப் பாத்துடுச்சு, சந்தோசம் மாரி. ஆனா பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கணுமேப்பா."

எங்கே வர்றே கோவிந்தப்பா?

இனி ஒரே வழி. லாரி திங்கட்கிழமைக்கு முன்னால் வந்தாகணும். டிரைவர் கோவிந்தப்பாவுக்குப் போன் போட ஆரம்பித்தேன். சித்தூரில் இருக்கிறேன் என்பான். டீ குடித்துவிட்டு மறுபடி போடுவேன், அதே சித்தூர். கொட்டகையில் ஒரு வேலை ஓடவில்லை. ஒரு வண்டிக்கு ரோஜா வரையப்போய், இலைக்கு ஊதா நிறம் அடித்துவிட்டேன், வண்டிக்காரன் அதையும் நல்லாத்தான் இருக்கு என்றான். சனிக்கிழமை மத்தியானம் குப்பம் தாண்டிட்டேன் என்றான் கோவிந்தப்பா. எனக்கு உயிர் வந்தது. ராத்திரிக்குள் ஓசூர் வந்துவிடும், விடிந்ததும் சித்ராவைக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம்.

சாயங்காலம் போட்டேன். குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக நிற்கிறானாம். பின் சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது, மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார். எப்போ கிளம்புவே, எப்போ கிளம்புவே என்று நான் விடாமல் அரித்தெடுக்க, தெலுங்கில் என் பரம்பரையை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று தமிழுக்கு வந்தான். "நீ போன் பண்ணப் பண்ண ஒடஞ்ச பட்டை ஒட்டிக்குமா மாரி?"

லுங்கிக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை காலை சித்ரா பையோடு வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "ஓசூர்ல ஏறுனா கூட்டம், நிக்கணும். கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டியில கொண்டுவந்து விடறேன்" என்றேன். ஏறி உட்கார்ந்தாள், எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு.

குருபரப்பள்ளியில் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் லாரி ஜாக்கியில் நின்றது. வண்டியை ஓரம் கட்டினேன். "இங்க என்ன?" என்றாள். நான் பின்கதவைக் காட்டினேன். அங்கே கோவிந்தப்பாவின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவி எறிந்தால், அடியில் படமே இல்லை. நாட்டிலுள்ள சேறு பூரா அப்பிக்கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஞ்சர் கடை பக்கெட்டைத் தூக்கிவந்தேன், பழைய துணியை முக்கி, கை எட்டின இடத்திலிருந்து, கீழேயிருந்து தேய்த்தேன். பஸ் படி தெரிந்தது. படியில் ஏறுகிற கால் தெரிந்தது. அப்புறம் செருப்பு, அதன் அடியில் ஊக்கு.

சித்ரா பையைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். அவளே துடைத்துக்கொண்டு மேலே போனாள். கோட்டுக்குக் கீழே தொங்குகிற சேலை ஓரம், கைப்பிடி அறுந்து முடிச்சுப் போட்ட சாப்பாட்டுப் பை, கம்பியைப் பிடித்த கை, ஈரத்தோடு அள்ளி முடிந்த கொண்டை. நான் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன். அவள் மறுபடியும் கீழே குனிந்து செருப்புக்கு வந்தாள். ஊக்கை விரலால் தொட்டாள்.

"இத எப்பப் பாத்தீங்க?"

"தெனமும்தான். நீ ஏறி பஸ் திரும்பற வரைக்கும் அங்கதான் நிப்பேன்."

"எனக்குத் தெரியாது. நீங்க விட்டதும் போயிருவீங்கன்னு நெனச்சேன்." அவள் துணியைப் பிழிந்தாள். நான் அவசரமாக, "நார்வேயிலேருந்து ஒரு அம்மா கேட்டாங்க, உனக்குப் புதுச் செருப்பு வாங்கியாச்சான்னு" என்று உளறிவைத்தேன். சித்ரா என்னைப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கிச் செருப்பின் அடியைக் காட்டினாள். அது வேறு செருப்பு, படத்திலிருந்த நீலத்துக்குப் பதில் பச்சை. அதிலும் ஓர் ஊக்கு.

"ஊர் பேர் தெரியாத அந்தம்மாவுக்குத் தோணியிருக்கு. தெனமும் நின்னு பாத்த மனுஷன், பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லாம, பலகையில வரஞ்சு அஸ்ஸாமுக்கு அனுப்பியிருக்கீங்க. மொதல்ல செருப்புக் கடைக்கு விடுங்க வண்டிய, பஸ்ஸப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அப்புறம் பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. பை வீட்டுக்கே திரும்பி வந்தது, இந்தத் தடவை அது வண்டியின் முன்னால் என் காலடியில். திங்கட்கிழமை அந்தப் பின்கதவை நானே தேய்த்து, ரெண்டு அன்னப்பறவை போட்டேன். பாய்க்குத் திருப்தி, பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் திருப்தி.

சுமதியை விட்டு நார்வே அம்மாவுக்கு "வாங்கியாச்சு" என்று ஒரு பதில் போட்டேன். உலகத்திலிருந்து எனக்கு வந்த கேள்விகளில் பதில் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான், அதைச் சொல்லவும் எனக்கு ஒரு எஃப்.சி.யிலிருந்து அடுத்த எஃப்.சி. வரை பிடித்தது.